காசு கொடுத்தது நீங்க... வெப்சைட் யாருக்குச் சொந்தம்? சிறு வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய முழு விவரம்

இப்படி ஒரு நிலைமையை யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. துணிக்கடையின் வெப்சைட் திடீரென்று திறக்கவில்லை. விசிட்டிங் கார்டு, கட்டைப்பை, போர்டு என எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் அச்சாகி இருக்கிறது. வெப்சைட் செய்து கொடுத்தவருக்கு போன் போட்டால், நம்பர் உபயோகத்தில் இல்லை. பாஸ்வேர்டு எதுவும் கடைக்காரரிடம் இல்லை. கையில் இருப்பது, பணம் அனுப்பியதற்கான ஜிபே ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான்.

சின்ன அளவில் வெப்சைட் செய்துகொள்ளும் கடைகள், டியூஷன் சென்டர்கள், கிளினிக்குகள், ஹோம்மேட் பிராண்டுகள் பலவும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இதற்கு எப்போதும் மோசடிதான் காரணம் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் எதையும் எழுதி வைக்காமல், ‘பார்த்துக்கலாம்’ என்று தொடங்கியதால் வரும் சிக்கல் இது. வெப்சைட் என்றால் என்னென்ன, அதில் எது யாருக்குச் சொந்தம், வேலையைக் கொடுப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இன்ஸ்டா பேஜ் இருக்கே... வெப்சைட் எதுக்கு?

நியாயமான கேள்விதான். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் மட்டுமே நன்றாக வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால், அது வாடகை இடம். இடத்துக்காரர் எப்போது வேண்டுமானாலும் பூட்டலாம்.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை மட்டும் நம்பியிருந்தவர்களின் வாடிக்கையாளர் கூட்டம் ஒரே நாளில் கைவிட்டுப் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க சுமார் 6 மணி நேரம் முடங்கின. சிறு கடைகளுக்கு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த ‘பிசினஸ் புரொஃபைல்’ வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் அந்த நிறுவனமே மூடிவிட்டது.

சொந்த டொமைனில் ஒரு வெப்சைட் இருந்தால், எந்த ஆப் வந்தாலும் போனாலும் கடையின் முகவரி மாறாது. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த முகவரி உண்மையிலேயே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒரு வெப்சைட்டில் எத்தனை பொருள் இருக்கிறது?

‘வெப்சைட் வாங்கிட்டேன்’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உண்மையில் அது ஐந்து தனித்தனி விஷயங்கள்.

1. டொமைன்: உங்கள் கடையின் பெயரும் டாட் காம் அல்லது டாட் இன்னும் சேர்ந்த முகவரி.
2. ஹோஸ்டிங்: வெப்சைட் ஃபைல்கள் இருக்கும் சர்வரில் நீங்கள் வாடகைக்கு எடுக்கும் இடம்.
3. டிசைனும் கோடிங்கும்: பக்கம் எப்படித் தெரிய வேண்டும், பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கான வேலை.
4. உள்ளடக்கம்: போட்டோ, லோகோ, விலைப்பட்டியல், எழுத்து.
5. இணைப்புக் கணக்குகள்: இமெயில், பேமென்ட் கேட்வே, கூகுள் மேப், விளம்பரக் கணக்கு போன்றவை.

மனை, கடை வாடகை, கட்டடம், சரக்கு, கரன்ட் கனெக்‌ஷன் ஆகியவை எப்படித் தனித்தனியோ, அப்படித்தான் இதுவும். ஐந்தும் ஒரே ஆளின் பெயரில், அதுவும் கடைக்காரர் அல்லாதவர் பெயரில் இருக்கும்போதுதான் பிரச்னை தொடங்குகிறது.

டொமைன்: இதுதான் பட்டா

ஐந்தில் முக்கியமானது டொமைன். மற்றதெல்லாம் போனாலும் மறுபடியும் கட்டிவிடலாம். டொமைன் போனால், அச்சடித்த கார்டு, கூகுளில் வந்திருக்கும் இடம், வாடிக்கையாளர் மனதில் பதிந்த பெயர் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

டொமைன்களின் உலக அளவிலான விதிகளை வகுப்பது ஐகான் என்ற அமைப்பு. 1998-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் டாட் இன் முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி எனப்படும் ‘நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா’. தமிழிலேயே ‘டாட் இந்தியா’ என்று முடியும் முகவரியும் உண்டு. பொதுமக்கள் இவற்றை ‘ரெஜிஸ்ட்ரார்’ எனப்படும் நிறுவனங்கள் மூலம் பதிவு செய்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பதிவில் ‘ரெஜிஸ்ட்ரன்ட்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, விதிகளின்படி டொமைன் அவருடையது. பணம் யார் கொடுத்தார் என்பதை ரெஜிஸ்ட்ரார் பார்க்க மாட்டார். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டிசைனர் தன்னுடைய கணக்கிலேயே பத்து கிளையன்ட்டுகளின் டொமைனை வாங்கி வைப்பது சர்வ சாதாரணம். அதில் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால், அவர் வேறு வேலைக்குப் போனாலோ, உடம்பு முடியாமல் போனாலோ, கணக்கு முடங்கினாலோ பத்து கடைகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

டொமைனை நிரந்தரமாக வாங்க முடியாது என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரு முறையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிய முடியும். பிறகு புதுப்பிக்க வேண்டும். முதல் வருட ஆஃபர் விலையும் அடுத்த வருடம் புதுப்பிக்கும் விலையும் ஒன்றாக இருக்காது. வாங்கும்போதே இரண்டாவது விலையையும் பார்த்துவிடுவது நல்லது.

காலாவதியானால் என்ன ஆகும்?

டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, தேதி முடிவதற்கு சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகான் விதி. முடிந்த 5 நாட்களுக்குள் இன்னொரு முறை அனுப்ப வேண்டும். ஆனால், அந்த மெயில் போவது பதிவில் உள்ள இமெயிலுக்கு. அது டிசைனரின் இமெயிலாக இருந்தால், உங்களுக்குத் தகவலே வராது.

தேதி முடிந்த பிறகு, ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாட்கள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க வாய்ப்பு கிடைக்கலாம். நாட்களின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதன்பின் டொமைன் நீக்கப்பட்டால், 30 நாட்கள் ‘மீட்புக் காலம்’. இதில் கூடுதல் அபராதக் கட்டணம் கட்ட வேண்டிவரும். அதையும் விட்டால் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய பெயருக்காகவே காத்திருந்து வாங்கி, அதிக விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

சின்னக் கடைக்காரர்கள்தான் மறப்பார்கள் என்று இல்லை. 1999 கிறிஸ்துமஸ் நேரத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் ‘பாஸ்போர்ட் டாட் காம்’ டொமைனைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலில் பலரால் நுழைய முடியவில்லை. கடைசியில் நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார்.

இன்னொரு முக்கியமான விஷயம். டொமைன் பதிவில் அதே டொமைனின் இமெயிலைக் கொடுக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் அந்த மெயிலும் சேர்ந்து முடங்கும். எச்சரிக்கை மெயில் போய்ச் சேரவே சேராது. ஜிமெயில் போன்ற தனிக் கணக்கைக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

கோடிங்கும் டிசைனும் யாருடையது?

‘நான்தானே காசு கொடுத்தேன், எனக்குத்தானே சொந்தம்?’ என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இந்தியாவின் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், கம்ப்யூட்டர் புரோகிராமை ‘இலக்கியப் படைப்பு’ வகையில் வைத்திருக்கிறது. பிரிவு 17-ன்படி, பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தால், உரிமை நிறுவனத்துக்கு. ஆனால், வெளியே இருக்கும் ஃப்ரீலான்சரிடம் கொடுத்துச் செய்தால், எழுத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை கோடிங்கின் உரிமை அவரிடமே இருக்கும்.

போட்டோவுக்கு மட்டும் விதி வேறு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால், 5 ஆண்டுகளுக்கு மட்டுமே கொடுத்ததாக எடுத்துக்கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால், இந்தியாவுக்குள் மட்டும். அதனால், ‘முழுத் தொகை கிடைத்ததும் டிசைன், கோடிங் உரிமை அனைத்தும் நிரந்தரமாக, உலகம் முழுமைக்கும் கிளையன்ட்டுக்கு மாற்றப்படும்’ என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருப்பது அவசியம்.

எல்லாவற்றையும் டிசைனரால் எழுதிக் கொடுக்க முடியாது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். உலக வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இயங்குவது 2003-ல் வந்த வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில். அது யாருக்கும் தனிச் சொத்து கிடையாது. அதன்மேல் போடும் சில தீம்களுக்கும் பிளகின்களுக்கும் வருடச் சந்தா உண்டு. அந்த லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, அடுத்த வருடம் யார் கட்டுவது என்று கேட்டு வைக்க வேண்டும். காசு கட்டாமல் திருட்டுப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தால், வைரஸ் வழியாக வெப்சைட்டே பறிபோகலாம்.

கூகுளில் தேடி எடுத்த படத்தை அப்படியே போடுவதும் ஆபத்துதான். படத்தின் சொந்தக்காரர் கேள்வி கேட்டால், முதலில் நோட்டீஸ் வருவது வெப்சைட் வைத்திருக்கும் கடைக்குத்தான்.

டிசைனர் பக்கத்து நியாயம் என்ன?

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘சின்ன வேலைதானே’ என்று தொடங்கி, ஐந்து பக்கம் பேசியது பதினைந்து பக்கமாக வளரும். ‘கலரை மட்டும் மாத்துங்க’ என்று பத்து முறை கேட்பார்கள். போட்டோவும் விலையும் தர இரண்டு மாதம் ஆகும். கடைசியில், ‘வெப்சைட்டால வியாபாரமே வரலையே’ என்று பாக்கித் தொகை நின்றுவிடும். பாஸ்வேர்டைக் கையில் பிடித்துக்கொள்வது, சில டிசைனர்களுக்கு அந்தப் பாக்கியை வாங்க இருக்கும் ஒரே பிடி.

இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பான வழி, வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதுதான். முதலில் எத்தனை பக்கம், என்னென்ன வசதி என்ற பட்டியல். அடுத்து டிசைன் மாதிரி. பிறகு கோடிங், சோதனை. கடைசியில் வெளியீடும் ஒப்படைப்பும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு தவணை கொடுக்கலாம். இலவசமாக எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் போனால் எவ்வளவு என்பதையும் எழுதிவிட வேண்டும். கடைசித் தவணையும் லாகின் ஒப்படைப்பும் ஒரே நாளில் நடக்கட்டும். டொமைன் மட்டும் முதல் நாளிலேயே கடைக்காரர் பெயரில் இருக்க வேண்டும்.

விலையைப் பேசும்போது ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கேளுங்கள். வெப்சைட் வடிவமைப்புச் சேவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருக்கும் ஃப்ரீலான்சர்கள் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவும் முடியாது.

மொபைலில், தமிழில் சரியாகத் தெரிகிறதா?

டிசைனர் லேப்டாப்பில் காட்டும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் பார்ப்பது போனில். கூகுளும் தேடலுக்காக வெப்சைட்டின் மொபைல் வடிவத்தைத்தான் முதலில் பார்க்கிறது. அதனால், சாதாரண விலை ஆண்ட்ராய்டு போனில், வைஃபை இல்லாமல், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. கேமராவிலிருந்து எடுத்த போட்டோவைச் சுருக்காமல் அப்படியே ஏற்றினால், இந்த அளவைத் தொடவே முடியாது.

தமிழில் வெப்சைட் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் அடிக்கும் இடங்களில் இன்னும் பழைய, யூனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருக்கள் புழங்குகின்றன. அந்த ஃபைலிலிருந்து எழுத்தை காப்பி செய்து வெப்சைட்டில் போட்டால், புரியாத எழுத்துகளாகத்தான் வரும். அதைத் தவிர்க்க, பலர் தமிழ் வாசகத்தைப் படமாகவே போட்டுவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடர் அதை வாசிக்காது. தேடலில் வருவதும் கஷ்டம். வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றி, எழுத்தாகவே போட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் போன்ற இலவச எழுத்துருக்கள் இதற்குக் கிடைக்கின்றன.

முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால், ‘பாதுகாப்பானது அல்ல’ என்று குரோம் காட்டும். 2018 ஜூலையிலிருந்து இதுதான் நடைமுறை. இதற்கான எஸ்எஸ்எல் சான்றிதழை ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ அமைப்பு இலவசமாகவே தருகிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தானாகவே போட்டுக் கொடுக்கின்றன. இதற்குத் தனியாகப் பெரிய தொகை கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

‘கூகுள்ல முதல் இடம் கியாரன்டி’ - நம்பலாமா?

நம்ப வேண்டாம். தேடலில் முதலிடம் வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என கூகுளே எச்சரிக்கிறது. கடையின் பெயர், ஊர், நேரம், விலை தெளிவாக இருப்பது, பக்கம் வேகமாகத் திறப்பது, கூகுள் மேப்பில் கடை சரியாகப் பதிவாகி இருப்பது ஆகியவைதான் அடிப்படை.

ஆன்லைனில் விற்கப் போகிறீர்களா?

வெப்சைட்டிலேயே ஆர்டர் எடுத்தால் பொறுப்பு கூடும். பேமென்ட் கேட்வே கணக்கும் அதனுடன் சேர்ந்த வங்கிக் கணக்கும் கடையின் பெயரில்தான் இருக்க வேண்டும். ‘இப்போதைக்கு என் அக்கவுன்ட்ல போட்டுக்கலாம்’ என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவை தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பரைச் சேமித்தால் அதைப் பாதுகாக்கும் கடமையும் வருகிறது. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்புத் தவறுக்கு அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை குறிப்பிடப்பட்டுள்ளது. தேவையில்லாத விவரத்தை ஃபார்மில் கேட்காமல் இருப்பதே நல்லது.

எந்தப் பொருளை விற்கிறோம் என்பதும் முக்கியம். ஆன்லைன் வணிகத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்க 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தொழிலுக்கான விதியைப் பார்க்காமல் ஷாப்பிங் தளம் கட்டினால், போட்ட காசு வீண்தான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டேன், என்ன செய்வது?

முதலில், ‘ஹூஈஸ்’ தேடலில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். பதிவு செய்தவர் பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம். ஆனால், எந்த ரெஜிஸ்ட்ரார், எந்தத் தேதியில் காலாவதி என்பது தெரியும். அந்தத் தேதி பக்கத்தில் இருந்தால், சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் புதுப்பிக்க வழி பாருங்கள்.

அடுத்து, டிசைனரிடம் மெயில் அல்லது வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பாக்கி இருந்தால், தருவதாகத் தேதி சொல்லுங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் உங்கள் பெயரில் கணக்கு தொடங்கினால், அதற்கு டொமைனை மாற்றுவது சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்கு மாற்ற ‘ஆத் கோடு’ வேண்டும். டாட் காம் போன்றவற்றில், பதிவில் உள்ளவர் கேட்ட 5 நாட்களுக்குள் ரெஜிஸ்ட்ரார் அதைத் தர வேண்டும். கூடவே, வெப்சைட்டின் முழு பேக்கப்பையும் வாங்கிவிடுங்கள்.

பேச்சு பலிக்காவிட்டால், வக்கீல் நோட்டீஸ் அடுத்த படி. கடைப் பெயருக்கு டிரேட்மார்க் உரிமை இருந்தால், டாட் காமுக்கு யுடிஆர்பி, டாட் இன்னுக்கு நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்வு முறைகள் இருக்கின்றன. எதிராளிக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்குச் சேவை வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. ஆனால், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019-ம் ஆண்டு சட்டத்தில் விலக்கு உண்டு.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. டொமைன் என் பெயரில், என் இமெயிலில், என் போன் நம்பரில் பதிவாகுமா?
2. ஹோஸ்டிங் கணக்கு யார் பெயரில்? அடுத்த வருடப் புதுப்பிப்பு எவ்வளவு?
3. எத்தனை பக்கம், எத்தனை திருத்தம், எந்தத் தேதியில் முடியும்?
4. டிசைன், கோடிங் உரிமை எனக்கு நிரந்தரமாக மாற்றப்படுமா?
5. தீம், பிளகின், போட்டோ எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் இருக்கிறதா?
6. பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை? அது எங்கே இருக்கும்?
7. விலையை, போட்டோவை நானே மாற்ற முடியுமா? கற்றுக் கொடுப்பீர்களா?
8. பராமரிப்புக்கு வருடம் எவ்வளவு? அதில் என்னென்ன அடங்கும்?

இதற்கெல்லாம் பதிலை ஒரே பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டாலே பாதி பிரச்னை வராது. நல்ல டிசைனர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவருக்கும் இதுதான் பாதுகாப்பு.

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் டொமைன் காலாவதி தேதியைப் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்னதாக போனில் ரிமைண்டர் போட்டு வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.